திருப்பிக் கழுவிய படம்

ஆல்பம் வாங்குவதாக இருந்தால் கருப்பு அட்டை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் உறை வைத்தது வேண்டாம். கடைக்காரன் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவான், பார்க்கவும் பளபளவென்று இருக்கும். நாலு வருடம் போனால் படம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் முகம் அங்கேயே தங்கிவிடும், வெள்ளைத் தாள்தான் கையோடு வரும். கருப்பு அட்டையில் மூலைக்கு ஒரு முக்கோணக் காகிதம் ஒட்டி, அதில் படத்தைச் செருகி வைத்தால் நாற்பது வருடம் ஆனாலும் ஒன்றும் ஆகாது. தேவைப்பட்டால் கழற்றி வேறு பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

உங்கள் மேசையில் இருப்பது அப்படிப்பட்ட ஆல்பம். உங்கள் ஆள் ஒருவர் சாப்பிட்ட கையோடு அதைப் புரட்டினார். சொன்னேன், கேட்கவில்லை.

நீங்கள் போனை என் முன்னால் வைத்து, பேசுங்கள் பெரியவரே, எல்லாம் பதிவாகிவிடும் என்றீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என் மருமகன் கையில் எப்போதும் ஒரு போன் இருக்கும். பேத்தி பிறந்ததிலிருந்து மூன்று வயது வரைக்கும் எடுத்த படங்கள் அத்தனையும் அதில்தான் வைத்திருந்தார். ஒரு நாள் அது வாளியில் விழுந்தது. மூன்று வருடமும் வாளியோடு போயிற்று. காகிதத்தில் இருப்பதுதான் நடந்தது, மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு. அதனால்தான் தாளும் பேனாவும் கேட்டேன். ஐந்தாவது வரைதான் படித்தவன், எழுத்து கோணலாக இருக்கும். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். எடுத்துக்கொள்கிறேன்.

முப்பத்திரண்டு வருடம் மோட்டார் பார்த்தவன் நான். அடுக்குமாடிக் கட்டடங்களில் தரைக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும், மொட்டை மாடியில் ஒன்று இருக்கும். கீழே இருப்பதை மேலே ஏற்றுகிற வேலை. தெருவில் எனக்கு மோட்டார் என்றே பெயர். பக்கத்து வீட்டில் ரிட்டயர்டான கண்டக்டர் ஒருவர் இருக்கிறார், உங்களிடம் சாட்சி சொன்னாரே, அவர்தான். தினமும் காலையில் நடக்கப் போகும்போது, "என்ன மோட்டார், இன்னைக்கு ஏறலையா?" என்பார். "டிக்கெட் எடுத்தாத்தான் ஏறும்" என்பேன். பத்து வருடமாக இதே பேச்சு. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பார்த்ததைச் சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மனைவி பாத்திரங்களை மூடாமல் விட ஆரம்பித்தாள். வேறு வீட்டில் இது ஒரு சங்கதியே இல்லை. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. நாற்பது வருடமாக அவள் எதையும் திறந்து போட்டவள் கிடையாது. பால் பாத்திரம், தண்ணீர்க் குடம், எண்ணெய்ப் பாட்டில், எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தாக வேண்டும். வேலை முடிந்ததும் சமையலறையை ஒரு சுற்று வந்து ஒவ்வொரு மூடியையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பாள். வந்து போகிறவர்கள் சுத்தக்காரி என்று மெச்சுவார்கள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் குடத்தைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போய் ஜன்னலில் நின்றாள். நான்தான் எழுந்து போய் மூடினேன்.

நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டர்களை நான் நம்புவதில்லை. தெரியாததை எழுதி, தெரிந்தது போல நீட்டுகிற ஆட்கள். ஆனால் அவர் சொன்னது ஒன்று மட்டும் சரி. இந்த வியாதியில் புதுசு முதலில் போகும், பழசு கடைசியில்தான் போகும் என்றார். நேற்று வந்த ஆளை மறப்பாராம், முப்பது வயதில் கண்ணால் கண்டதை மறக்கமாட்டாராம். என் மகள் அதைக் கேட்டு அழுதாள். நான் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினோம்.

மகளைப் பாப்பா என்று கூப்பிடுவோம். நாற்பத்தொரு வயது, வேறு ஊரில் வேலை. ஒரே பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லித்தான் தெரியும். சனிக்கிழமை தோறும் வந்துவிடுவாள். அம்மா வழி தவறி வெளியே போய்விடக் கூடாது என்று தச்சரைக் கூட்டிவந்து வாசல் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போட்டாள். என் மனைவி குள்ளம். கை எட்டாது. எனக்கு எட்டும்.

வீட்டுக்கு வந்து ஊசி போடுகிற சிஸ்டர்தான் ஆல்பத்தைப் பற்றிச் சொன்னது. "பழைய படமெல்லாம் இருக்கா தாத்தா? தினம் எடுத்துக் காட்டுங்க. பிரிண்ட் போட்ட படம்னா இன்னும் நல்லது, கையில புடிச்சுப் பார்ப்பாங்க. இருக்கிற ஞாபகம் அப்படியே நிக்கும்."

நான் இல்லை என்று சொல்லியிருப்பேன். பாப்பா அதற்குள் அலமாரியைத் திறந்துவிட்டாள். இந்த ஆல்பம் என்றால் அவளுக்கு உயிர். அதில் சின்ன வயதுப் படங்கள் பதினொன்று இருக்கின்றன. நாங்கள் முதலில் இருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு வாத்தியார் குடியிருந்தார், கேமரா வைத்திருந்தார். ரோலின் கடைசியில் ஒன்றிரண்டு மிஞ்சினால் அதை வீணாக்காமல் எங்கள் குழந்தையை எடுத்து, ஸ்டுடியோவில் கழுவி வாங்கிக் கொடுப்பார். ஒவ்வொன்றின் கீழும் நான் வெள்ளை மையால் எழுதி வைத்தேன். பாப்பா, ஒரு வயது. பாப்பா, இரண்டு வயது. அந்தப் படங்களைத் தன் மகளுக்குக் காட்டி, உங்க அம்மா எப்படி இருந்தேன் பாரு என்பாள். ஒரு குழந்தைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எனக்கெல்லாம் என் சின்ன வயது முகம் எப்படி இருந்தது என்றே தெரியாது.

சிஸ்டர் சொன்ன பிறகு நான் தினமும் காட்டினேன். காலை டீ முடிந்ததும் ஆல்பத்தை அவள் மடியில் வைப்பேன்.

"இது யாரு?"

"பாப்பா."

"நமக்கு எத்தன புள்ளைங்க?"

"ஒண்ணு."

சரியாகச் சொன்னால் பிஸ்கட் ஒன்று கொடுப்பேன். தவறாகச் சொன்னால் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து. ஒரு நாள் ஒன்பது தடவை திருப்பியிருக்கிறோம். சிஸ்டர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, இந்தத் தாத்தா மாதிரி பொறுமை யாருக்கு வரும் என்று பாப்பாவிடம் சொன்னதாம்.

நீங்கள் கெட்டிக்காரர். ஒரே பிள்ளை இருக்கிற வீட்டில் எத்தனை பிள்ளை என்று எதற்குக் கேட்க வேண்டும் என்று யோசித்திருப்பீர்கள்.

முன்னால் ஒருத்தி இருந்தாள். பாப்பாவுக்கு ஐந்து வயது மூத்தவள். பாப்பா பிறந்த பிறகு அவளைப் பெரியவள் என்றே கூப்பிட்டோம். ஆறு வயது. இடது கைக்காரி. மோட்டார் ரூமுக்கு முன்னால் கீழ்த்தொட்டியின் இரும்பு மூடி இருக்கும், அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சிமெண்டுத் தரை முழுக்கச் சாக்பீஸால் எதையாவது வரைந்துகொண்டிருப்பாள். பாப்பாவுக்குப் பத்து மாதம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தொட்டி மூடி திறந்திருந்தது. உள்ளே விழுந்துவிட்டாள். நான் இறங்கித் தூக்கினேன். கையில் சாக்பீஸ் இருந்தது, கரைந்துபோகாமல்.

அன்று காலை பத்து மணிக்கு என் மனைவி தொட்டியில் ஒரு குடம் தண்ணீர் எடுத்தாள். மூடியைச் சரியாக மூடவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம் இதைத்தான் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். கவனக்குறைவு, விபத்து என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டு மாதத்தில் ஊர் மாறினோம். வேறு கட்டடம், வேறு மோட்டார். உறவு என்று சொல்லிக்கொள்ள அதிகம் பேர் இல்லை. இருந்த நாலு பேரோடும் போக்குவரத்தை நிறுத்தினேன். புது ஊரில் எங்களுக்கு ஒரு பிள்ளைதான். பத்து மாதக் குழந்தைக்கு அக்காள் ஒருத்தி இருந்தாள், செத்தாள் என்று எதற்குச் சொல்லி வளர்க்க வேண்டும்? படங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. படத்தைக் கிழிப்பது ஆளைக் கிழிப்பது மாதிரி. நான் அப்படிப்பட்டவன் இல்லை. எரிக்கவும் இல்லை. இருந்த இடத்திலேயே வைத்துக் கீழே எழுதினேன், அவ்வளவுதான். அக்காள் தங்கை இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி.

என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியவளுக்கு ஒண்ணாச்சும் விட்டு வைங்க" என்றாள். ஒன்று விட்டால் ஒரு கேள்வி வரும். விடவில்லை.

பாப்பாவை எட்டு வயது வரைக்கும் யாரும் படம் எடுக்கவில்லை. அவளுக்குத்தான் ஏற்கெனவே இருந்ததே. கேமரா வைத்துக்கொண்டு யாராவது வந்தால் கடைக்கு அனுப்பிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கிற அன்று காய்ச்சல் என்று சொல்லி இரண்டு வருடம் வீட்டில் வைத்துக்கொண்டேன். கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் படித்தாள்.

ஒரே ஒரு படம் தொந்தரவு கொடுத்தது. பெரியவள் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படம். அதையும் கிழிக்கவில்லை. 'பாப்பா, பக்கத்து வீட்டுக் குழந்தையுடன்' என்று எழுதினேன். பாப்பா சின்னவளாக இருக்கும்போது அதை விரலால் தடவி, "அந்தக் குட்டிப் பாப்பா இப்ப எங்கப்பா இருக்கு?" என்பாள். வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்பேன்.

பத்து வயதில் இன்னொரு கேள்வி கேட்டாள். சாக்பீஸ் படத்தில் நான் ஏன் இடது கையால் வரைகிறேன், எனக்கு வலது கைதானே என்று. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் அவசரத்தில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுக் கழுவிவிடுவார்கள், இடது வலதாகும், வலது இடதாகும். அப்படித்தான் என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கல்யாணம் ஆகி வந்த மருமகனிடம்கூட, ஸ்டுடியோக்காரன் என்னைத் திருப்பிப் போட்டுட்டான் தெரியுமா என்று சொல்லிச் சிரித்தாள். பேத்தியும் சொல்லும். எங்கள் குடும்பத்தில் ஆல்பத்தைத் திறந்தாலே அந்தச் சிரிப்பு வரும். நானும் சிரிப்பேன்.

போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை. பாப்பா அம்மாவின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டினாள். சாக்பீஸ் படம் வந்தது.

"இது யாரும்மா, சொல்லு பார்ப்போம்."

என் மனைவி கண்ணாடியை மூக்கில் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். "பெரியவ" என்றாள்.

"நான் பெரியவளா? எனக்குக் கீழ யாரும்மா இருக்கா, எனக்குத் தெரியாம?"

"நீ இல்லடி. பெரியவ. கையப் பாரு."

பாப்பா சிரித்தாள். "அது ஸ்டுடியோக்காரன் பண்ண வேலைம்மா. அப்பாகிட்ட கேளு."

என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நாற்பது வருடமாக நான் பார்க்கவில்லை. அது இன்னும் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. "ஆமா, அவர்கிட்டதான் கேக்கணும்" என்றாள்.

மண்டை குழம்பிப் பேசுகிறாள் என்று சொல்லி ஆல்பத்தை மூடினேன். பாப்பாவுக்கு அந்தப் படத்தை விட மனமில்லை. அம்மாவுக்கு இதைப் பார்த்தால்தான் பேச்சு வருகிறது, பெரிதாகப் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்றாள். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றேன். "ஒரிஜினல எடுத்துட்டுப் போகலப்பா, காப்பி மட்டும்தான்" என்று சொல்லி அங்கேயே, போனிலேயே படம் எடுத்துக்கொண்டாள். ஒரு நிமிட வேலை. ஆளைப் படம் எடுக்கிறபோதாவது நில்லு, சிரி என்று நேரம் இருக்கும். படத்தைப் படம் எடுப்பவரை என்ன சொல்லித் தடுப்பது?

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம் போல ஆல்பத்தை மடியில் வைத்தேன். யாரு என்று கேட்டேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை.

"பத்து மணிக்கு நான் மூடிட்டேங்க" என்றாள். "மூடி மேல கல்லத் தூக்கி வச்சேன். நீங்க பதினோரு மணிக்கு வந்து கல்ல நகத்தினீங்க. தண்ணி எவ்வளவு இருக்குன்னு எட்டிப் பார்த்தீங்க. அப்புறம் வாட்ச்மேன் கூப்பிட்டான்னு சீட்டாடப் போனீங்க. நான் துணி காயப்போட்டுக்கிட்டே மேலருந்து பார்த்தேன்."

நாள் கிழமை மறந்தவள், பேத்தி பெயர் மறந்தவள், ஒரு சொல் தடுக்காமல் சொன்னாள். கத்தவில்லை. கொடியில் எந்தத் துணி காய்ந்தது என்றுகூடச் சொன்னாள்.

டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. புதுசு முதலில் போகும். அவள் மூடவில்லை என்பது நான் பிறகு சொன்னது. அன்றைக்குச் சாயங்காலம் சொன்னேன், மறுநாள் சொன்னேன், ஒரு வருடம் சொன்னேன். நீ மூடினதாகத்தான் உனக்குத் தோன்றும், ஆனால் மூடவில்லை என்றேன். கல் வைத்ததும் பதினோரு மணிக்கு என்னைப் பார்த்ததும் வேறு ஒரு நாள், நீ குழப்பிக்கொள்கிறாய் என்றேன். அவள் ஏற்றுக்கொண்டு, நாற்பது வருடம் மூடிகளை அழுத்திப் பார்த்தாள். இப்போது நான் சொன்னது கழன்று விழுந்துவிட்டது. கண்ணால் பார்த்தது அடியில் அப்படியே இருந்திருக்கிறது.

ஆமாம், மூடியைத் திறந்தது நான். சீட்டு மூன்று ஆட்டம் ஆடினேன். அந்தக் காகிதத்தில் இருப்பது பொய். ஒரு வீட்டில் அப்படி ஒன்று நடந்தால் யாராவது ஒருவர் அதைச் சுமக்க வேண்டும். நான் சுமந்திருந்தால் வேலை போயிருக்கும், குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும். அவள் என்னைவிடத் தெம்பானவள்.

புதன்கிழமை பாப்பா போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"அப்பா, அந்தப் படத்தக் கடையில பெருசு பண்ணிக் கொடுத்தாங்க. பின்னாடி ஒரு கதவு இருக்கு. கதவுல ரெண்டுன்னு எழுதியிருக்கு."

அது இரண்டாவது மோட்டார் ரூம். நான்தான் தார் தொட்டு எழுதினேன். ஆல்பத்தில் அது ஒரு கரும்புள்ளி. ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கும். நாற்பது வருடத்தில் ஒரு தடவை கூட அது எனக்கு எண்ணாகத் தெரிந்ததில்லை.

"சரி, அதுக்கென்ன" என்றேன்.

"நேரா இருக்குப்பா. திருப்பிக் கழுவியிருந்தா எழுத்தும் திரும்பித்தான இருக்கணும். ரெண்டு நேராத்தான் இருக்கு."

பின்னால் பேத்தி ஏதோ பாடம் ஒப்பிக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா சொன்னது நெசமாப்பா? அது நான் இல்லையா?"

"அவ பேச்ச எடுத்துக்கிட்டு..."

"அப்போ அந்தப் பக்கத்து வீட்டுக் குழந்தை யாருப்பா?"

மருமகன் அவளிடமிருந்து போனை வாங்குகிற சத்தம் கேட்டது. அவள் கொடுக்கவில்லை. சனிக்கிழமை வருகிறேன், அம்மாவை என்னோடு கூட்டிப் போகிறேன், நீங்கள் இல்லாத இடத்தில் வைத்து அம்மாவிடம் பேச வேண்டும் என்றாள். அழுகை இல்லை. அழுதிருந்தால் எனக்கு வழி இருந்திருக்கும்.

படத்தை மாற்றி எழுதியதை அவள் மன்னித்துவிடுவாள். அவள் மனசு அப்படி. நாலு நாள் பேசாமல் இருப்பாள், பேத்தியை விட்டுப் பேசவைப்பாள், பிறகு தானே வருவாள். மூடியைத் திறந்ததைக்கூட, அவள் பிறந்து பத்து மாதத்தில் நடந்தது என்று ஒரு காலத்தில் ஆறிப்போவாள். ஆனால் அதைத் தூக்கி அவள் அம்மாவின் தலையில் வைத்தேன் என்பதை மன்னிக்கமாட்டாள். சமையலறையில் அம்மா சுற்றி வந்ததை அவள் தினமும் பார்த்து வளர்ந்தவள். அதற்கு ஒரு கதைகூடச் சொல்லிக்கொடுத்திருந்தேன், பூச்சி விழுந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம் என்று. எனக்கு இந்த வயதில் சனிக்கிழமை தவிர வேறு கிழமை கிடையாது. அவள் வராமல் போனால் நான் இந்த ஆல்பத்தை யாரோடு பார்ப்பது?

வியாழக்கிழமை முழுவதும் பாடம் நடத்தினேன். பிஸ்கட் பாக்கெட் தீர்ந்தது. ஒன்று என்று சொல்லவைக்க முடியவில்லை. ரெண்டு, ரெண்டு என்றாள். படத்தை வைத்துத்தான் ஞாபகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்த சிஸ்டர் சொன்னது உண்மை. நான் கருப்பு அட்டையில் செருகி, நடுவே மெல்லிய தாள் விட்டு, ஈரம் படாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். வேறு யாராவது என்றால் அந்தப் படங்கள் என்றைக்கோ செல்லரித்துப் போயிருக்கும், அவளும் நிம்மதியாக மறந்திருப்பாள்.

எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏற்றுகிற நிலையம் ஒன்று தெரியும். வட்டக் கூரை, இரும்புக் கதவு. அவள் அடிக்கடி அங்கே போய் நிற்பாள். "அது நம்ம மோட்டார் ரூம்தானங்க?" என்று கேட்பாள். இல்லை என்பேன். தினமும் கேட்பாள், தினமும் இல்லை என்பேன். அந்த ரோட்டில் காலை ஆறரை மணிக்குத் தொழிற்சாலை லாரிகள் வரிசையாகத் திரும்பும். திருப்பத்தில் எவனும் வேகத்தைக் குறைக்கமாட்டான். நானும் கண்டக்டரும் இதைப் பற்றி நகராட்சிக்கு மனுக்கூடக் கொடுத்திருக்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது.

வெள்ளிக்கிழமை ஆறு இருபதுக்கு அவள் ஜன்னலில் நின்றாள். அதே கேள்வியைக் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"பெரியவ அங்கதான் இருக்காளா?"

"அங்கதான் வெளையாடிக்கிட்டு இருக்கா. ரொம்ப நேரமாச்சு."

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ படம் எடுத்தார்கள், அந்த மாதிரி ஒரு முகம் எதிலும் விழவில்லை. கண்ணாடி முன்னால் போய்த் தலையை வாரிக்கொண்டாள். புடவை முந்தானையைச் சரிசெய்தாள். குழந்தைக்கு வாரிவிட வேண்டும் என்று சீப்பையும் எடுத்துக்கொண்டாள். உங்கள் ஆட்கள் ரோட்டில் எடுத்த சீப்பு அதுதான். எதற்கென்று கேட்டீர்கள், இதற்குத்தான்.

நான் எழுந்து போய்க் கதவின் உச்சியில் இருந்த தாழ்ப்பாளை இறக்கினேன். இதைக் கண்டக்டர் பார்த்திருக்க முடியாது. அவர் பார்த்தது அதற்குப் பிறகு. கதவு அகலத் திறந்திருந்தது, நான் மடியில் ஆல்பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், "என்ன மோட்டார், இன்னைக்கு ஏறலையா?" என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ரோட்டுப் பக்கம் சத்தம் கேட்டபோது அவர் ஓடினார், நான் எழுந்திருக்கவில்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி.

பாப்பா நேற்று வந்து அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் கூப்பிட்டேன். பேசவில்லை. இந்தத் தாளை அவளிடம் கொடுங்கள். படிக்கட்டும். அவளிடம் ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று.

அம்மா வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "நீங்க வரலையா?" என்றாள்.

"நீ போய்க் கூட்டிட்டு வா. நான் கதவத் தொறந்தே வைக்கிறேன்" என்றேன்.

தலையாட்டிவிட்டு, சின்னப் பெண் மாதிரி வேகமாக நடந்தாள். நாற்பது வருடத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக வீட்டைவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை அவளுக்குக் கொடுத்தவன் நான்தான். வேறு எதை வேண்டுமானாலும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், இந்த வரியை மட்டும் யாரும் அடித்துவிட வேண்டாம்.